புதிதாக மாடலிங் வரும் ஆண்களுக்கு எந்த முடிவெட்டு? மும்பைத் தமிழ்ப் பையன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து அந்தேரிக்கு ஆடிஷன் போக ஆரம்பிக்கும் பையன்கள் முடி விஷயத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் நம் ஊர்க்காரர்களின் அடர்த்தியான கறுப்பு முடியை மனதில் வைத்துச் சொன்னவை.

1. மாடலிங் ட்ரை பண்ணலாம்னு இருக்கேன். முதல்ல என்ன கட் அடிக்கணும்?

முதலில் எதையும் வெட்டாதீர்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளரும். இருப்பதை ஆறு முதல் எட்டு வாரம் விட்டால் இரண்டு, இரண்டரை செ.மீ. கூடும். அந்தக் கூடுதல் நீளம் இருந்தால்தான் ஒரு கைதேர்ந்த பார்பர் உங்கள் தலைக்கு ஏற்ற வடிவத்தைக் கொண்டுவர முடியும். இடையில் பரட்டையாகத் தெரிந்தால் பிடரியையும் காதோரத்தையும் மட்டும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மேலே கை வைக்க வேண்டாம்.

அதன் பிறகு வேண்டியது ஆடம்பரமில்லாத ஒரு வெட்டு: மேலே நடுத்தர நீளம், பக்கங்களில் கத்திரியால் படிப்படியாகக் குறைத்தது. சலூனை விட்டு வெளியே வரும்போது எவ்வளவு ஸ்டைலாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு மாடலின் முடியை எடைபோட முடியாது. அதே முடியை வைத்து இன்னொருவர் எத்தனை விதமாக மாற்ற முடியும் என்பதுதான் கணக்கு. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நீளமாக இருப்பதைக் குறைக்க ஐந்து நிமிஷம் போதும்.

2. நடுத்தர நீளம்னா எவ்வளவு? சென்டிமீட்டர்ல சொல்லுங்க.

முன்நெற்றியில் 9 முதல் 11 செ.மீ. இதற்கு ஸ்கேல் தேவையில்லை. முடியை நனைத்து முகத்தின் மேல் நேராக இழுத்தால் மூக்கின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். புருவத்தோடு நின்றால் குட்டை, உதட்டைத் தொட்டால் ஆறு வாரத்தில் கையை மீறிவிடும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் 6, 7 செ.மீ. விடுங்கள். சுழியில் 4 செ.மீ.க்குக் கீழே போனால் முடி தன் கனத்தில் படியாமல் முள் மாதிரி நிற்கும். அதைக் கேமராவில் பின்னொளி அடிக்கும்போதுதான் கவனிப்பீர்கள்.

பக்கங்களில் மேல்பகுதி 3, 4 செ.மீ., காதை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்து ஓரத்தில் 1 செ.மீ. மெஷினில் 3 நம்பர் சுமார் 10 மி.மீ., 4 நம்பர் சுமார் 13 மி.மீ. இந்த இரண்டும் காது, பிடரி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும். கிருதா காதின் நடுப்பகுதி வரை. பிடரியில் பிளேடால் சதுரமாகக் கோடு போட விடாதீர்கள். ஒரே வாரத்தில் கோட்டுக்குக் கீழே பூனைமுடி முளைத்துக் கழுத்தே அழுக்காகத் தெரியும். இயல்பாக மறையும்படி குறைத்தால் மூன்று வாரம் தாங்கும்.

3. இந்த நீளத்துல அப்படி என்னதான் பண்ண முடியும்?

நான்கு தோற்றம் வர வேண்டும். வெட்டி முடித்த அன்றே வீட்டுக் கண்ணாடி முன் நான்கையும் செய்து பாருங்கள். நான்கில் ஏதாவது ஒன்று வரவில்லையென்றாலும் எந்த இடத்தில் நீளம் போதவில்லை என்று குறித்துவைத்து அடுத்த முறை சொல்லுங்கள்.

முதலாவது பக்க வகிடு. வங்கி, இன்சூரன்ஸ், மருந்து, இளம் அப்பா பாத்திரம் என்று விளம்பர வேலையில் பாதி இதில் வரும். வகிடு எடுக்கும் பக்கத்தில் முடி 3 செ.மீ.யாவது இருந்தால்தான் படியும். அதற்குக் குறைந்தால் வகிட்டுக்குக் கீழே குத்திட்டு நிற்கும். இரண்டாவது முன்பக்கமாக விழும் கலைந்த முடி. கல்லூரி, மொபைல், டி-ஷர்ட் வகையறா. மூன்றாவது ஈரமாகப் பின்னோக்கி வாரியது. சூட், ஷெர்வானி, கைக்கடிகாரம் போன்றவற்றுக்குக் கேட்பார்கள். நெற்றியில் 9 செ.மீ. இல்லாவிட்டால் இது நடுவழியில் எழுந்து முன்னால் விழுந்துவிடும். நான்காவது எதுவும் செய்யாத முடி: குளித்து, துவட்டி, விரலால் கோதியது. காஸ்டிங் செய்பவர்கள் முதலில் பார்க்க விரும்புவது இதைத்தான். இதிலேயே பார்க்கும்படி இருந்தால் உங்கள் வெட்டு சரி.

4. பார்பர்கிட்ட இதை ஹிந்தில எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு பண்ணி விட்டுடறாங்க.

வெட்டின் பெயரைச் சொல்லாதீர்கள். ஒரே பெயருக்குக் கடைக்குக் கடை வேறு அர்த்தம். "பாஜூ மே கேஞ்சி ஸே. மஷீன் ஸிர்ஃப் நீச்சே, சார் நம்பர். ஊபர் ஜ்யாதா மத் காட்னா. பீச்சே ஸீதா லைன் மத் பனானா." இந்த நான்கு வாக்கியம் போதும்: பக்கங்களில் கத்திரி, மெஷின் கீழே மட்டும் 4 நம்பர், மேலே அதிகம் வெட்டாதீர்கள், பின்னால் நேர்க்கோடு போடாதீர்கள் என்று அர்த்தம். "தோடா சோட்டா கர்தோ" (கொஞ்சம் குறைத்துவிடுங்கள்) என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த 'தோடா' அவர் கையில் இருக்கிறது. எவ்வளவு எடுக்க வேண்டுமென்று உங்கள் முடியையே விரலிடுக்கில் பிடித்துக் காட்டுங்கள்.

நடிகர் படத்தைக் காட்டுவதைவிட உங்கள் முடி நன்றாக இருந்த நாளில் முன், இரு பக்கம், பின் என எடுத்த நான்கு படங்களை மொபைலில் வைத்திருந்து காட்டுவது மேல். அடர்த்தியும் சுழியும் உங்களுடையதே என்பதால் அவருக்கும் குழப்பம் இல்லை. கை பிடித்துப்போனால் கடையை மாற்றாதீர்கள். தாராவி 90 அடி ரோட்டுக் கடையானாலும் லோகண்ட்வாலா சலூனானாலும், ஒரே கை நான்கு முறை வெட்டினால்தான் உங்கள் தலை அவருக்குப் பழகும். ஏசியும் காபியும் முடியை வெட்டாது.

5. ஃபேட் அடிச்சா ஷார்ப்பா இருக்கே, ஏன் எல்லாரும் வேணாங்கறீங்க?

ஃபேட் என்றால் பக்க முடியை மெஷினால் கீழே போகப் போகத் தோல் வரை மங்கலாகக் குறைப்பது. ஷார்ப்பாகத்தான் இருக்கும், ஒரு வாரம். தோல் தெரிய அடித்த ஃபேட் 7 முதல் 10 நாளில் மங்கிவிடும். எடுத்த படமும் நேரில் வரும் ஆளும் வேறு வேறாகிவிடுவார்கள். பக்கம் மழித்திருந்தால் மேலே சொன்ன பக்க வகிடும் கெடும். 1 நம்பர், அதாவது 3 மி.மீ. அளவிலிருந்து 3 செ.மீ. வரை வளர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை குடும்ப விளம்பரம், அலுவலகப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் 'முடி சரியில்லை' என்று தள்ளுவார்கள்.

மேலே நீளம், கீழே மொட்டை, நடுவில் இணைப்பே இல்லாத அண்டர்கட் இன்னும் மோசம். அதைச் சரியாக்க ஆறு மாதம்கூட ஆகலாம். ஃபிட்னஸ், ஸ்ட்ரீட்வேர் வேலை மட்டுமே போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஃபேட் பொருந்தும். புதிதாக வருபவருக்கு அந்த முடிவெடுக்கும் அளவுக்கு அனுபவம் இருக்காது.

6. எனக்குச் சுருட்டை முடி. ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிட்டா வெர்சடைலா ஆயிடுமா?

ஆகாது, குறையும். நேராக்கிய முடியில் மூன்றே மாதத்தில் வேர்ப்பக்கம் மூன்று, நான்கு செ.மீ. சுருட்டையும் நுனியில் குச்சியும் தெரியும். அந்த எல்லைக்கோட்டை எந்த வேக்ஸும் மறைக்காது. 'கெரட்டின்' என்று செய்யும் பல சிகிச்சைகளில் சூடான அயர்ன் படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். கண் எரிவது அதனால்தான்.

சுருட்டையைச் சுருட்டையாகவே விற்கலாம். நம் ஆட்களுக்கு அது பலம். ஆனால் வெட்டும் முறை வேறு. உலர்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். நனைத்தால் சுருள் நீண்டு, காய்ந்ததும் மூன்றில் ஒரு பங்குகூட மேலே ஏறிவிடும். இரண்டாம் பதிலில் உள்ள அளவுகளை முடியை இழுத்துப் பிடித்து அளந்ததாக எடுத்துக்கொண்டு, மேலே 2 செ.மீ. கூடவே விடுங்கள். மெலிக்கும் கத்திரியைச் சுருட்டையில் வைக்க விடாதீர்கள். நடுவில் அறுந்த குட்டை முடிகள் நீண்ட முடிகளை மேலே தள்ளிப் பஞ்சு மாதிரி ஆக்கிவிடும். ஷூட்டில் நேர் முடி வேண்டுமென்றால் ஹேர் ஆர்ட்டிஸ்ட் அயர்ன் செய்துவிடுவார், அடுத்த குளியலில் போய்விடும்.

7. முக வடிவத்துக்கு ஏத்த மாதிரி வெட்டணும்னு சொல்றாங்களே?

வட்டம், சதுரம், வைரம் என்று போடும் அட்டவணைகளை நம்பி அலைய வேண்டாம். மூன்று விஷயம் பார்த்தால் போதும். முகம் நீளமாக இருந்தால் மேலே உயரம் கொடுக்காதீர்கள். காது வெளியே தள்ளியிருந்தால் பக்கங்களில் 3 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். கன்னம் உப்பலாக இருந்தால் பக்கங்களைக் கொஞ்சம் இறுக்கி மேலே உயரம் விடுங்கள்.

8. ஜெல், வேக்ஸ், கிளே, இதுல எதை வாங்கறது? எவ்வளவு போடணும்?

பளபளப்பில்லாத கிளே ஒரு டப்பா, முடியைப் படியவைக்கும், தண்ணீரில் கரையும் பொமேட் ஒரு டப்பா. வேறெதுவும் தேவையில்லை. கலைந்த தோற்றத்துக்கும் அன்றாடத்துக்கும் கிளே. வகிடு, பின்னோக்கி வாருவதற்கு பொமேட். கடினமான ஜெல் காய்ந்ததும் வெள்ளையாக உதிரும், ஷூட் விளக்கில் அது பொடுகு மாதிரியே தெரியும்.

அளவு ஒரு பச்சைப் பட்டாணி. உள்ளங்கையில் போட்டு நிறம் மறையும் வரை தேய்த்துவிட்டு, உச்சியின் பின்பக்கத்தில் ஆரம்பித்து முன்னால் வாருங்கள். எல்லோரும் செய்யும் தவறு முன்நெற்றியில் ஆரம்பிப்பது. கையில் இருப்பதெல்லாம் அங்கேயே ஒட்டி, முடி பிரிந்து மண்டை தெரியும். போதவில்லையென்றால் இன்னொரு பட்டாணி சேர்க்கலாம், அதிகமானால் குளிப்பதைத் தவிர வழி இல்லை.

டிரையர் இருந்தால் துண்டால் ஒற்றி, முக்கால்வாசி காய்ந்த பிறகு போடுங்கள். சொட்டச் சொட்ட ஈரத்தில் போட்டால் முடியும் பாழ், நேரமும் பாழ். எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் வேரைத் தள்ளிக் காயவைத்துவிட்டுத் திருப்பிப் படியவிட்டால் தானாக உயரம் நிற்கும். கடைசி அரை நிமிஷம் குளிர்காற்று விட்டால் அந்த வடிவம் இறுகும்.

9. அம்மா எண்ணெய் வைக்காம வெளிய விடமாட்டேங்கறாங்க. ஆடிஷனுக்கு அப்படியே போகலாமா?

போகக் கூடாது. எண்ணெய்த் தலை விளக்கில் மின்னும், நெற்றி வழியும், முடி பாதியாகத் தெரியும். அதற்காக எண்ணெயே வேண்டாம் என்பதில்லை. குளிப்பதற்கு முன் வைக்கும் தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, தலை அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, நேரம்தான் தவறு. ஆடிஷனுக்கு இரண்டு நாள் முன்பு வைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு ஷாம்பு போடுங்கள். முந்தின நாள் இரவு இன்னொரு முறை அலசிவிட்டால் பிசுக்கு இருக்காது.

10. சயான்ல இருந்து வெர்சோவா போய்ச் சேரும்போது முடி ஒரு வழியாயிடுது. மழைக்காலத்துல கேக்கவே வேணாம். என்ன பண்றது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் உள்ள ஈரத்தை முடி உறிஞ்சி உப்பும். வீட்டில் எவ்வளவு அழகாகச் செய்தாலும் போய்ச் சேரும்போது அது இருக்காது. ஆகவே வீட்டில் பாதி, அங்கே பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முழுக்கக் காயவைத்து, கிளே அரைப் பட்டாணி மட்டும் தடவி, முடியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். ஈரத்தோடு கிளம்பினால் எந்தக் கோணத்தில் காய்கிறதோ அதே கோணத்தில் நிற்கும். உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே மழைக்காலத்தில் வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.

வழியும் முக்கியம். சயான், மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் லைனில் காட்கோபர் போய் மெட்ரோ ஏறினால் கடைசி ஸ்டேஷன் வெர்சோவா. குளிரூட்டிய பெட்டியில் வேர்வை அடங்கிவிடும். தாராவிக்காரர்களுக்கு மாஹிமில் ஏறி அந்தேரியில் மெட்ரோ மாறுவது சுருக்கம். இரண்டிலும் லோக்கலில் கதவோரம் நிற்காதீர்கள். முடிக்கு மட்டும் சொல்லவில்லை. பைக்கில் போவதானால் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள், அமுங்கல் குறையும்.

வெர்சோவாவில் ஆடிஷன்கள் நடக்கும் ஆராம் நகருக்கு இருபது நிமிஷம் முன்னதாகப் போய்விடுங்கள். பையில் அகலப் பல் சீப்பு, கைத்துண்டு, பயண அளவு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர், கிளே. முகத்தையும் பிடரியையும் துடைத்து ஐந்து நிமிஷம் ஆற விடுங்கள். முடி வேரில் மட்டும் இரண்டு தடவை தண்ணீர் அடித்து விரலால் எழுப்பிவிட்டு, மீதி அரைப் பட்டாணி கிளே. அவ்வளவுதான். வேர்த்த தலையில் நேராகக் கிளே போட்டால் சேறு பூசிய மாதிரி கட்டி கட்டியாக நிற்கும்.

11. அந்தேரியில ரூம் எடுத்ததுல இருந்து முடி வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு, ஏன்?

டேங்கர் அல்லது போர்வெல் தண்ணீரா என்று விசாரியுங்கள். மாநகராட்சியின் ஏரித் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகமாக இருக்கலாம். பக்கெட்டில் வெள்ளைப் படிவும் ஷாம்பு நுரைக்காததும் அடையாளம். மாதம் இரண்டு முறை உப்புப் படிவை நீக்கும் ஷாம்பு, மற்ற நாளில் கண்டிஷனர், கடைசி ஒரு சொம்பு மட்டும் வடிகட்டிய குடிதண்ணீர்.

12. தாடி வச்சுக்கணுமா, ஷேவ் பண்ணணுமா? சவுத் இண்டியன் லுக்னு மீசை வேற கேக்கறாங்க.

முடிக்குச் சொன்ன கணக்கே இதற்கும். எடுப்பது பத்து நிமிஷம், வளர்ப்பது வாரக்கணக்கு. 3 மி.மீ. அளவில் ட்ரிம் செய்த தாடியை அன்றாட நிலையாக வைத்துக்கொண்டு, மழித்த முகத்தோடு ஒரு செட் படங்களைத் தனியாக எடுத்து வைத்திருங்கள். தாடைக்கோடு தெரியாத படம் மட்டுமே அனுப்பினால், எதையோ மறைக்கிறார் என்று நினைப்பார்கள்.

மும்பையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் மீசையை எதிர்பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. எரிச்சலாக இருந்தாலும் வேலை வரும் கதவு அது. மூன்று, நான்கு வாரத்தில் கேமராவுக்குப் போதுமான மீசை வந்துவிடும். வேலை உறுதியான பிறகு வளர்த்தால் போதும், அழைப்புக்காகவே நிரந்தரமாக வைத்துக்கொண்டால் மற்றப் பாத்திரங்களுக்கு உங்களை யோசிக்க மாட்டார்கள்.

13. எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெட்டணும்? வீட்ல செவ்வாய் வெள்ளி வெட்ட விடமாட்டாங்க.

பக்கமும் பிடரியும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, மேலே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை நுனி மட்டும். ஷூட் தேதி தெரிந்தால் ஐந்து முதல் ஏழு நாள் முன்பு வெட்டிவிடுங்கள். முந்தின நாள் வெட்டினால் வெயில் படாத தோல் காதோரம் வெளுப்பாகத் தெரியும், பிளேடு பட்ட இடத்தில் சிவந்த கொப்புளம் வரும். அந்த மூன்று நாளில் செவ்வாய், வெள்ளி, அமாவாசையைக் கழித்தாலும் ஒரு நாள் கிடைக்கும். வீட்டில் சண்டை போட வேண்டிய விஷயம் இல்லை இது.

14. போர்ட்ஃபோலியோ எடுத்துட்டு வெட்டறதா, வெட்டிட்டு எடுக்கறதா?

வெட்டி, ஒரு வாரம் படிய விட்டு, பிறகு. ஆரம்பத்தில் செலவு செய்து போர்ட்ஃபோலியோ தேவையும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வெறும் சுவர் முன், ஒட்டிய டி-ஷர்ட்டில், மொபைலில் எடுத்த சாதாரணப் படங்கள் போதும்: நேர்முகம், இடது, வலது, முக்கால் பக்கம், முழு உயரம். இவற்றில் மூன்றாம் பதிலில் சொன்ன 'எதுவும் செய்யாத முடி'தான் இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு படத்தில் முடி முழுதும் பின்னால் தள்ளி நெற்றி தெரியட்டும்.

முடி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் படங்களையும் அன்றே மாற்றுங்கள். பழைய படத்தை நம்பி ஆளைக் கூப்பிட்டுவிட்டு நேரில் வேறு தலையைப் பார்த்தால், முடியைக் குறை சொல்ல மாட்டார்கள், உங்களை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். 'முடியை மாற்றி, எங்களிடமே படம் எடுத்து, பதிவுப் பணம் கட்டினால் வேலை நிச்சயம்' என்பவரிடம் மட்டும் நிற்காதீர்கள்.

15. பழனிக்கு மொட்டை வேண்டுதல் இருக்கு. மாலையும் போடறதுண்டு. ரெண்டையும் எப்படிச் சமாளிக்கறது?

மொட்டை போட்ட முடி மாதம் ஒன்றேகால் செ.மீ. கணக்கில் 10 செ.மீ. வர எட்டு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் வரும் ஒட்ட வெட்டிய தோற்றத்துக்கும் வேலை உண்டு: ராணுவம், போலீஸ், விளையாட்டு. நான்காவது, ஐந்தாவது மாதம்தான் இரண்டுங்கெட்டான். காதுக்கு மேல் முள்ளாக நிற்கும் அந்தக் காலத்தில் பக்கங்களை மட்டும் குறைத்துக்கொண்டே மேலே வளர விடுங்கள். மொட்டை போட்ட வாரத்திலேயே ஒரு செட் படமும் எடுத்துவிடுங்கள். தலை வடிவம் நன்றாக இருந்தால் அதுவும் ஒரு தோற்றம்தான். ஒப்புக்கொண்ட வேலை எதுவும் பாக்கியில்லாத நேரத்தில் வேண்டுதலை வைத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சபரிமலை மாலைக்கு 41 நாள் விரதம் என்றால் நவம்பர் நடுவிலிருந்து தாடியும் முடியும் வெட்டாத காலம். முடி வெட்டுவதை மாலை போடுவதற்கு முந்தின வாரம் முடித்துவிட்டால் ஆறு வாரம் தலை கையை மீறாது. தாடிதான் காடாகும். ஆடிஷன் அழைப்பு வந்தால் எந்தத் தேதி வரை மழிக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடர்ந்த தாடியைத் தேடும் வேலையும் அதே நேரத்தில் வரும்.

16. இருபத்தி நாலு வயசுதான், நெத்தி ஏற ஆரம்பிச்சிடுச்சு. மாடலிங்கை விட்டுடறதா?

வேண்டாம். ஏறும் மூலைகளை மறைக்க நீளத்தை முன்னால் இழுத்துப் போடுவதுதான் தவறு. காற்றில் பிரிந்ததும் இரண்டு மடங்காகத் தெரியும். மேலே 5, 6 செ.மீ.யாகக் குறைத்து, பக்கங்களையும் அதற்கேற்பக் குறைத்து, கிளே போட்டுக் கலைத்து விடுங்கள். இந்த ஒரு நிலையில் இரண்டாம் பதிலின் அளவுகள் பொருந்தாது. முடி நாரிழைப் பொடி தூவுவது ஷூட்டில் உதவும். மழையிலும் வேர்வையிலும் வழியும் என்பதால் ஆடிஷனுக்கு அதை நம்பாதீர்கள்.

தோல் மருத்துவரைப் பாருங்கள். பரம்பரை வழுக்கைக்கு மினாக்ஸிடில் பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், ஆரம்ப வாரங்களில் கொட்டுவது கூடலாம், நிறுத்தினால் பெற்றதும் போகும். ஃபினாஸ்டரைட் மருத்துவர் சீட்டில்லாமல் வேண்டாம். கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால் அது வேறு வகை, பெரும்பாலும் தானாகத் திரும்ப முளைக்கும். முடி நடும் சிகிச்சை செய்துகொண்டால், நட்ட முடி முதலில் உதிர்ந்து, முழுப் பலன் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும். அந்த வருடத்தின் வேலையைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

17. லைட்டா பிரவுன் கலர் அடிக்கலாமா? இளநரையும் இருக்கு.

அழகுக்காக வேண்டாம். இரண்டு மாதத்தில் வேர் கறுப்பாகத் தெரியும், வேலை கேட்டால் அவர்களே செய்வார்கள். இளநரை நான்கைந்து முடி என்றால் ஒட்ட வெட்டிவிட்டால் போதும். அதிகம் என்றால் அடர் பிரவுன். கருங்கறுப்புச் சாயம் விளக்கில் ஒளியை விழுங்கித் தொப்பி மாட்டிய மாதிரி தட்டையாகத் தெரியும். பெரும்பாலான சாயங்களிலும் 'கறுப்பு மருதாணி'யிலும் பிபிடி என்ற, சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள் இருக்கும். காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஷூட்டுக்கு முந்தின நாள் முகம் வீங்கினால் வேலையே போச்சு. உலோக உப்பு கலந்த மருதாணிப் பொடி போட்டிருந்தால் பிளீச் செய்வதற்கு முன் சொல்லிவிடுங்கள், முடி சூடேறி அறுந்துபோகும்.

18. தோள் வரைக்கும் முடி வச்சிருக்கேன். வெட்டித்தான் ஆகணுமா?

உடனே வேண்டாம். 30 செ.மீ. முடி இரண்டு வருட முதலீடு. நீள முடிக்கு வேலை குறைவு, ஆனால் போட்டியும் குறைவு. அவிழ்த்தும் கட்டியும் படம் எடுத்து மூன்று நான்கு மாதம் அனுப்பிப் பாருங்கள். அழைப்பே வரவில்லையென்றால் தோளிலிருந்து தாடை வரை, பிறகு இரண்டாம் பதிலின் அளவு என இரண்டு கட்டமாகக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டையை இறுக்கிக் கட்டுவதைத் தினப்பழக்கமாக்காதீர்கள். முன்நெற்றி முடி வேரோடு இழுபட்டுப் பின்வாங்கும்.

19. ஒரு வேலை முடியறதுக்குள்ள இன்னொருத்தர் முடியைக் குறைக்கச் சொல்றாங்க. யாரைப் பகைச்சுக்கறது?

இருவரையும் பகைக்க வேண்டியதில்லை, தேதியைக் கேட்டால் தீரும். முதல் வேலையின் ஒப்பந்தத்தில் தோற்றத்தை மாற்றக் கூடாது என்று எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். படப்பிடிப்பு முடிந்தாலும் விடுபட்ட காட்சிக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஒப்பந்தமே இல்லையென்றால், 'இந்தத் தேதிக்குப் பிறகு வெட்டலாமா?' என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

ஒவ்வொரு நாள் ஷூட் முடிவிலும் முன், பின், இரு பக்கம், உச்சி என ஐந்து படம் எடுத்துவையுங்கள். திரும்பக் கூப்பிட்டால் அதே நிலைக்குக் கொண்டுவர அதுதான் ஆதாரம். இரண்டாவதாக வேலை தருபவர் மொட்டையோ ஒட்ட வெட்டோ கேட்டால், வளரும் வரை இழக்கப்போகும் வேலைக்கும் சேர்த்துத் தொகை கேளுங்கள். எட்டு மாதக் கணக்கு 15ஆம் பதிலில் இருக்கிறது, அதையே சொல்லிப் பேசலாம்.

20. ஷூட்ல ஹேர் ஆர்ட்டிஸ்ட் திடீர்னு கத்திரியை எடுத்துட்டா?

பிடரி, காதோரம் சுத்தம் செய்வதானால் தலையாட்டுங்கள். மேலே நீளத்தில் கை வைப்பதானால், "ஏக் மினிட் தாதா, கோஆர்டினேட்டர் ஸே பூச் லேதா ஹூன்" (ஒரு நிமிஷம் அண்ணா, கோஆர்டினேட்டரைக் கேட்டுக்கொள்கிறேன்) என்று மரியாதையாக நிறுத்தி, உங்களை அனுப்பியவருக்கு அங்கிருந்தே போன் போடுங்கள். முன்பே பேசாத வெட்டை மறுப்பது திமிர் ஆகாது. பெரும்பாலும் பின்களும் ஸ்ப்ரேயும் வைத்து அவரே அந்த நீளத்தை மடக்கிவிடுவார். வேறு வேலையின் ஒப்பந்தம் ஓடுகிறதென்றால் அதை ஷூட்டுக்கு முந்தின நாளே, உடை அளவு கேட்கும்போது சொல்லிவிடுங்கள். மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் காத்திருக்கும் நாற்பது பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.